பிபி அதிகம் உள்ள கர்ப்பிணிக்கு சிசேரியனில் ரத்தம் அதிகம் போகுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: தங்கைக்கு 36-வது வாரம். பிபி 150/100-ஐ ஒட்டியே நிற்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது. முதல் குழந்தை சிசேரியன், இதுவும் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பிபியை வைத்துக்கொண்டு கத்தி வைத்தால் ரத்தம் நிற்காமல் போய்விடாதா, பிபி இறங்கிய பிறகு செய்யக் கூடாதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரத்தம் அதிகம் போகுமா என்பது ஒன்று. போகிற ரத்தத்தை அவர் உடம்பு தாங்குமா என்பது இன்னொன்று. நீங்கள் கேட்டிருப்பது முதல் கேள்வி. அறுவை அரங்கில் நிற்கும் மருத்துவர்களான எங்களுக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. அதனால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் மயக்க மருத்துவர். பிரசவ அறுவை அரங்கில் தாயின் தலைமாட்டில் நின்று பிபி, நாடித்துடிப்பு, மூச்சு, ரத்தப்போக்கு ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டிருப்பது பல வருடங்களாக என் வேலை. உங்கள் தங்கையின் பரிசோதனை முடிவுகளை நான் பார்க்கவில்லை. எனவே இங்கே எழுதுவது இந்த நிலையில் உள்ள தாய்மார்களைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்தது. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற முடிவு அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்களுடையது.

முதலில் அந்தப் பயம். பிபி அதிகம் என்றால் வெட்டிய இடத்தில் ரத்தம் பீய்ச்சி அடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தோலிலும் தசையிலும் வெட்டுப்படும் சிறு குழாய்களைப் பொறுத்தவரை அழுத்தத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் அவற்றை உடனுக்குடன் மின்சூட்டால் அடைத்துவிடுவார்கள், அல்லது கட்டிவிடுவார்கள். சிசேரியனில் போகும் ரத்தத்தில் பெரும்பகுதி வருவது அங்கிருந்து அல்ல, கர்ப்பப்பையிலிருந்து. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்தில் இருந்த குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது தையல் அல்ல, கர்ப்பப்பையின் தசைதான். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசைநார்கள், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல இறுகி, நடுவில் போகும் குழாய்களை நெரித்து அடைக்கின்றன. தசை நன்றாக இறுகினால் பிபி 160 இருந்தாலும் ரத்தம் நிற்கும். தசை தொய்ந்து கிடந்தால் பிபி 100 இருந்தாலும் ரத்தம் கொட்டும். ஆக, கையில் கட்டும் பட்டையில் தெரியும் எண்ணை வைத்து ரத்தம் எவ்வளவு போகும் என்று கணிக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் அறுவைக்கு முன் பிபியைக் குறைக்க ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம்? மூளைக்காக. 160/110-ஐத் தாண்டி அப்படியே நின்றால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் அந்த அளவை எட்டினால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் லேபட்டலால், ஹைட்ரலசின், நிஃபெடிபின் போன்ற மருந்துகளில் ஒன்றைக் கொடுத்து இறக்குகிறார்கள். ஒரேயடியாகச் சாதாரண அளவுக்குக் கொண்டுவருவதும் இல்லை. வேகமாக இறக்கினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்து குழந்தை தவிக்கும்.

பிபி முழுவதும் இறங்கும்வரை காத்திருக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிபியோடு சிறுநீரில் புரதமும் போவதாகச் சொல்வதால் இது அநேகமாக பிரீ எக்லாம்ப்சியா. இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. மாத்திரை பிபியைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் நோய் குறையத் தொடங்கும். அதனால்தான் தீவிர அறிகுறிகள் இல்லாவிட்டால் 37 வாரம் நிறைந்ததும் பிரசவம், தீவிர அறிகுறிகள் இருந்தால் 34 வாரத்துக்குப் பிறகு தள்ளிப்போடுவதில்லை என்பது பெரும்பாலும் பின்பற்றப்படும் வழிமுறை. மருத்துவர் குறித்த தேதியைப் பிபிக்காகத் தள்ளிப்போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காத்திருக்கும் நாட்களில்தான் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவதும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதும், வலிப்பு வருவதும் நடக்கின்றன. முதல் இரண்டும் நீங்கள் பயப்படும் ரத்தப்போக்கை நேரடியாகக் கூட்டக்கூடியவை.

சரி, பிபியின் எண் ரத்தப்போக்கைத் தீர்மானிக்காது என்றால் இந்தத் தாய்மார்களுக்கு ரத்தம் மற்றவர்களைப் போலவேதான் போகுமா? இல்லை, கொஞ்சம் கூடத்தான் போகிறது. நெதர்லாந்து நாட்டின் பிரசவப் பதிவேட்டை வைத்து 2013-ல் வந்த பெரிய ஆய்வில், பிரீ எக்லாம்ப்சியா உள்ளவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் ரத்தப்போக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. இதைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். ஒன்றரை மடங்கு என்றாலும் பெரும்பாலானவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. இன்னொன்று, இந்த வகை ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. பிரீ எக்லாம்ப்சியா உள்ளவர்களில் இரட்டைக் குழந்தை அதிகம், மருந்து வைத்து வலி வரவழைப்பது அதிகம், நெடுநேரம் வலியில் இருந்து பிறகு அறுவைக்கு வருவது அதிகம். கணக்கில் இவற்றை எவ்வளவு சரிசெய்தாலும் மிச்சம் இருக்கும். எனவே கூடுதல் ரத்தப்போக்கில் எவ்வளவு நோயால், எவ்வளவு நோயைச் சுற்றி நடப்பவற்றால் என்பது இன்றும் தெளிவாகப் பிரிக்கப்படவில்லை. புரதம் போகாமல், மற்ற பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்து, பிபி மட்டும் கொஞ்சம் ஏறியிருப்பவர்களுக்கு அறுவையில் சிக்கல் குறைவு என்பது என் அனுபவம்.

காரணங்களில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. முதலாவது, ரிப்போர்ட்டில் பிளேட்லெட் என்று வரும் தட்டணுக்கள். பிரீ எக்லாம்ப்சியா தீவிரமானால் இவை வேகமாகக் குறையலாம். ஒரு லட்சத்துக்குக் கீழே போவது தீவிர நோயின் அடையாளங்களில் ஒன்று. அதோடு சிவப்பணுக்கள் உடைவதும் கல்லீரல் நொதிகள் ஏறுவதும் சேர்ந்தால் அதற்கு ஹெல்ப் சிண்ட்ரோம் என்று பெயர். 1982-ல் லூயிஸ் வைன்ஸ்டீன் என்ற மகப்பேறு மருத்துவர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். இந்த நிலையில் தோல் தையலிலிருந்தும் ஊசி போட்ட இடங்களிலிருந்தும்கூட ரத்தம் கசியலாம். 50,000-க்குக் கீழே இருந்தால் பொதுவாக அறுவைக்கு முன் தட்டணுக்களை ஏற்றுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும். 70,000 இருந்து, வேறு உறைதல் கோளாறு இல்லையென்றால் முதுகுத்தண்டைச் சுற்றி ரத்தம் கட்டும் ஆபத்து மிகக் குறைவு என்று மகப்பேறு மயக்க மருத்துவர்களின் 2021-ம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. இங்கே எண்ணைவிட அது இறங்கும் வேகம் முக்கியம். நேற்று 1,40,000, இன்று காலை 90,000 என்றால், மூன்று வாரமாக 80,000-ல் அசையாமல் நிற்பவரைவிட எனக்கு அவரைப் பற்றித்தான் பயம் அதிகம். அதனால் போன வார ரிப்போர்ட்டை நம்பி அரங்குக்குள் போகக் கூடாது. தீவிர நோய் என்றால் அறுவைக்குச் சில மணி நேரத்துக்கு முன் எடுத்த எண்ணிக்கை வேண்டும்.

இரண்டாவது, குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி பிரிந்துவிடுவது. பிபி உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். பிரிந்த இடத்தில் சேரும் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடலாம். வயிறு கல்லுப்போல இறுகும், விடாத வலி இருக்கும், வெளியே கொஞ்சம்தான் கசியும். உள்ளே ஒரு லிட்டருக்கு மேல்கூட போயிருக்கலாம். இதில் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் தீர்ந்துபோகும். சாதாரணமாக அது நிறைமாதத்தில் டெசிலிட்டருக்கு 400 முதல் 600 மில்லிகிராம்வரை இருக்கும். கர்ப்பம் இல்லாதவருக்கு 200 என்பது இயல்பின் கீழ் எல்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கு அதே 200 என்றால் நிலைமை மோசமாகப் போகிறது என்று அர்த்தம். வயிறு இறுகி வலித்தால் வீட்டில் படுத்துப் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிவையுங்கள். வெளியே ரத்தம் வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தங்கைக்கு முதல் பிரசவமும் சிசேரியன் என்பதால் பிபியோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இடையில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அது கீழே இறங்கி, கர்ப்பப்பை வாயை மூடி, பழைய தழும்பின் மேல் உட்கார்ந்திருந்தால் தசைக்குள் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அப்படிக் கீழிறங்கிய நிலையில் இரண்டாவது சிசேரியனுக்கு வருபவர்களில் ஏறக்குறைய 100-க்கு 11 பேருக்கு இது இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-ல் காட்டியது. அங்கே போகும் ரத்தத்தின் அளவுக்கு முன்னால் பிபியின் பங்கு மிகச் சிறியது. நஞ்சுக்கொடி மேலே இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால் இந்தப் பத்தியை நீங்கள் மறந்துவிடலாம்.

சந்தேகத்துக்குரிய காரணங்களில் அதிகம் பேசப்படுவது மெக்னீசியம் சல்ஃபேட். வலிப்பு வராமல் இருக்க நரம்பு வழியாகக் கொடுக்கும் மருந்து இது. தசையைத் தளர்த்தும் குணம் இதற்கு உண்டு, எனவே கர்ப்பப்பையும் தளர்ந்து ரத்தம் கூடும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அரங்கில் கர்ப்பப்பை இறுகத் தாமதமாகும்போது முதலில் மெக்னீசியத்தின் மேல்தான் பழி விழும். ஆனால் 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, அதோடு மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஆய்வு, இரண்டிலும் மெக்னீசியம் வாங்கியவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்கியது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதும் குறைந்தது. அதாவது ரத்தம் கூடிவிடுமோ என்று நாம் பயப்படும் மருந்து, ரத்தப்போக்கின் ஒரு பெரிய காரணத்தைக் குறைக்கிறது. அந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அறுவை நடக்கவில்லை. ஆகவே சிசேரியனில் மட்டும் சிறிய வித்தியாசம் இருக்கக்கூடும் என்ற வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் அறுவைக்காக மெக்னீசியத்தை நிறுத்த வேண்டாம் என்பதே பொதுவான வழிகாட்டல். அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அரங்குக்குக் கூட்டிப்போகும்போது நிறுத்தினால் கர்ப்பப்பைக்கு ஒரு பயனும் இல்லை, வலிப்புக்கு மட்டும் கதவு திறக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன் சுமார் நாலு லிட்டர் ரத்தம் இருக்கும். ஆரோக்கியமான கர்ப்பத்தில் அது 40 முதல் 50 சதவீதம் கூடி, ஐந்தரை லிட்டரைத் தாண்டிவிடும். பிரசவத்தில் போகப்போகும் ரத்தத்துக்காக உடம்பு முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இருப்பு அது. சாதாரண சிசேரியனில் 500 முதல் 1,000 மில்லி ரத்தம் போகிறது. இருப்பு இருப்பதால் பெரும்பாலான தாய்மார்களுக்கு அது பெரிதாகத் தெரிவதே இல்லை. தீவிர பிரீ எக்லாம்ப்சியாவில் இந்த இருப்பு சரியாகச் சேர்வதில்லை. ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கின்றன, குழாய்ச் சுவர்கள் வழியே நீர் வெளியே கசிந்து கால், கை, முகமெல்லாம் வீங்குகிறது. உடம்பு நீரால் உப்பியிருக்கும், குழாய்க்குள் மட்டும் குறைவாக இருக்கும். இப்படிப்பட்டவருக்கு மொத்தமே நாலேகால் லிட்டர்தான் என்று வையுங்கள். ஐந்தரை லிட்டர் உள்ளவருக்கு ஒரு லிட்டர் போனால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவருக்கு அதே ஒரு லிட்டர் கிட்டத்தட்ட கால்பங்கு. போனது ஒரே அளவு, விளைவு வேறு.

இதிலேயே இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. குழாய்க்குள் நீர் குறைந்து ரத்தம் கெட்டியாவதால் ஹீமோகுளோபின் உயர்ந்து தெரியும். நிறைமாதத்தில் 13 என்று பார்த்ததும் குடும்பத்தார் சந்தோஷப்படுவார்கள். தீவிர பிரீ எக்லாம்ப்சியா உள்ளவரிடம் அந்த 13 நல்ல இருப்பின் அடையாளமாக இல்லாமல், இருப்பு சேரவில்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். அறுவை முடிந்து மறுநாள் அது 9 என்று வரும்போது அவ்வளவு ரத்தமா போனது என்று பதறுவார்கள். அதில் ஒரு பகுதி போன ரத்தம், ஒரு பகுதி வீக்கத்தில் இருந்த நீர் குழாய்க்குள் திரும்பி வந்ததால் நீர்த்துப்போனது.

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்: ரத்தம் போவதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் இந்தத் தாய்மார்களிடம் தாமதமாகத் தெரியும். மற்றவர்களிடம் பிபி இறங்கும், நாடி ஏறும். அதை வைத்துக் கண்டுபிடிப்போம். அறுவைக்கு முன் 160/105 இருந்த தாய்க்கு, வார்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் 115/70 என்று குறித்திருந்தால், பார்ப்பவர்கள் பிபி நார்மலுக்கு வந்துவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். அது நார்மல் ஆகாமல், உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். லேபட்டலால் வாங்குபவருக்கு நாடியும் ஏறாது, மருந்து அதைப் பிடித்துவைத்திருக்கும். நாடியை மேல்பிபியால் வகுத்து, 0.9-ஐத் தாண்டினால் ஆபத்து என்று பார்க்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ரத்தப்போக்கைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவிதான். ஆனால் இவர்களிடம் அந்த எண்ணும் தாமதமாகத்தான் ஏறும். அதனால் நான் வார்டுக்கு அனுப்பும்போது பிபி உள்ள தாயின் தாளில் அறுவைக்கு முந்தைய எண்ணைப் பெரிதாக எழுதிவைப்பேன். அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். கூடவே சிறுநீர் எவ்வளவு வருகிறது, கர்ப்பப்பை கையில் கெட்டியாகப் படுகிறதா, தாய் வெளிறிப்போய் அமைதியில்லாமல் தவிக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

அறிகுறிகள் இப்படி ஏமாற்றுவதால், போகும் ரத்தத்தை அளப்பது இவர்களுக்கு இன்னும் அவசியமாகிறது. கண்ணால் பார்த்து மதிப்பிட்டால், ரத்தம் அதிகம் போகும்போது நாம் எல்லோரும் குறைத்தே சொல்கிறோம். அனுபவம் கூடினாலும் இது பெரிதாகத் திருந்துவதில்லை. நனைந்த துணியை எடைபோட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு வரும். உறிஞ்சு குடுவையில் பனிக்குட நீரும் கலந்திருப்பதால் குழந்தை வெளியே வந்ததும் அதுவரையான அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் பிரசவம் ஆனாலும் மொத்தம் 1,000 மில்லியை எட்டினால் பெரும் ரத்தப்போக்கு என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2017-லிருந்து கணக்கிடுகிறார்கள். பிரீ எக்லாம்ப்சியா உள்ளவருக்கு நான் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. 700-ஐத் தாண்டும்போதே ரத்தம் தயாரா என்று கேட்டுவிடுவேன். இது என் பழக்கம், விதி அல்ல.

ரத்தம் போனால் சலைனை வேகமாக ஏற்றிவிடலாமே என்று தோன்றும். இவர்களிடம் அதிலும் கை கட்டப்பட்டிருக்கிறது. கசியும் குழாய்களுக்குள் அதிகம் நீரை விட்டால் அது நுரையீரலில் போய்ச் சேரும், மூச்சுத் திணறும். அதனால்தான் தீவிர பிரீ எக்லாம்ப்சியாவில் மணிக்குச் சுமார் 80 மில்லி என்று நீரைக் கட்டுப்படுத்துகிறோம். ரத்தம் போகும்போது அந்தக் கட்டுப்பாட்டையே பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு. போனதை ஈடுகட்டியே ஆக வேண்டும். ஆனால் உப்புநீரைக் குடம் குடமாக விடாமல், கொஞ்சம் சீக்கிரமாகவே ரத்தத்துக்கும் பிளாஸ்மா, ஃபைப்ரினோஜன் போன்றவற்றுக்கும் போவது இவர்களுக்கு நல்லது. கிராஸ் மேட்ச் செய்த, அதாவது தாயின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவைத்த ரத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

கர்ப்பப்பையை இறுக்கும் மருந்துகளிலும் தேர்வு குறைகிறது. ஆக்சிடோசின்தான் முதல் மருந்து, இவர்களுக்கும் அதுவே. மொத்தமாக ஒரே தள்ளில் கொடுத்தால் பிபி சட்டென்று விழும், எனவே சிறிய அளவில், மெதுவாக. மெத்தர்ஜின் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊசியை பிபி உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டும். அது உடம்பெங்கும் குழாய்களை இறுக்கிப் பிபியைத் திடீரென்று ஏற்றும், மூளை ரத்தக்கசிவுவரை போகலாம். இந்த விஷயத்தில் நூல்களும் அனுபவமும் ஒன்றாகவே பேசுகின்றன. கார்போப்ராஸ்ட்டை கவனத்தோடு பயன்படுத்தலாம், ஆஸ்துமா இருந்தால் கூடாது. உங்கள் தங்கைக்கு இழுப்பு வந்ததுண்டு என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். மிசோப்ராஸ்டால் பிபியைப் பெரிதாகத் தொடாது, குளிரும் காய்ச்சலும் வரலாம். டிரானெக்சாமிக் அமிலம் கர்ப்பப்பையை இறுக்காது, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும். 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-ல் வந்த உமன் ஆய்வில், ரத்தப்போக்கு தொடங்கியவர்களுக்குப் பிரசவம் ஆகி மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தபோது ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ரத்தம் போகும் முன்பே எல்லா சிசேரியனுக்கும் கொடுத்தால் பலன் உண்டா என்பது வேறு விஷயம். 2023-ல் அமெரிக்காவில் சுமார் 11,000 பெண்களிடம் செய்த ஆய்வில் மரணமோ ரத்தம் ஏற்றுவதோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனவே முன்தடுப்பாக இதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மயக்கம் எப்படிக் கொடுக்கிறோம் என்பதிலும் ரத்தப்போக்கு மாறும். முழு மயக்கத்துக்கான வாயு மருந்துகள் கர்ப்பப்பையைத் தளர்த்தும், ரத்தம் அதிகம் போகும். மூச்சுக்குழாயில் குழாய் போடும் நேரத்தில் பிபியும் தாறுமாறாக ஏறும். தட்டணுக்கள் போதுமான அளவு இருந்து, தாய் நினைவோடு இருந்தால் முதுகில் போடும் ஊசிதான் இவர்களுக்கு நல்லது. பிபி உள்ளவர்களுக்கு முதுகில் ஊசி போட்டால் பிபி பாதாளத்துக்குப் போய்விடும் என்று முன்பு பயந்தோம். உண்மையில் தீவிர பிரீ எக்லாம்ப்சியா உள்ளவர்களுக்கு அந்த வீழ்ச்சி மற்ற தாய்மார்களைவிடக் குறைவு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

மருந்துக்கு அடங்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து அழுத்துவது, 1997-ல் கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் அறிமுகம் செய்த, கர்ப்பப்பையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் தையல், ரத்தக்குழாயைக் கட்டுவது என்று படிகள் இருக்கின்றன. கர்ப்பப்பையை எடுப்பது கடைசிப் படி. பெரும்பாலானவர்களுக்கு முதல் மருந்தோடு வேலை முடிந்துவிடும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. ஹீமோகுளோபின் குறைவாக இருந்து இன்னும் சில நாட்கள் கையில் இருந்தால், நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதில் பலன் உண்டா என்று கேளுங்கள். ரத்த வகை பார்த்து, கிராஸ் மேட்ச் செய்து, எத்தனை யூனிட் எங்கே தயாராக இருக்கிறது என்று அறுவைக்கு முதல் நாளே கேட்பதில் தவறே இல்லை. தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தால், அவற்றையும் பிளாஸ்மாவையும் இரவிலும் ஏற்ற வசதி உள்ள மருத்துவமனையில் பிரசவம் நடப்பது அவசியம். பிபியைத் தடுக்க ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தால் எப்போது நிறுத்தியது என்று சொல்லுங்கள். 36-வது வாரத்தில் நிறுத்துபவர்களும் பிரசவம்வரை தொடர்பவர்களும் உண்டு. 2021-ல் வந்த சுவீடன் ஆய்வு ஒன்றில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குச் சுகப்பிரசவத்தில் ரத்தம் கொஞ்சம் கூடியது, சிசேரியனில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. எனவே அதை நிறுத்த மறந்திருந்தால் பதற வேண்டாம், மறைக்காமல் சொன்னால் போதும். அறுவையன்று காலை பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எதை, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீரோடு சாப்பிட வேண்டும் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை முடிந்த முதல் நாள் பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்றால், நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் வந்தாலோ, தங்கை வெளிறி வியர்த்தாலோ, பிபி நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நர்ஸை அழைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலதுபக்க மேல்வயிற்றில் கடும் வலி என்றால் அதையும் உடனே சொல்லுங்கள். கல்லீரலைச் சுற்றி ரத்தம் கட்டுவது அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. அப்புறம், குழந்தை பிறந்துவிட்டது, இனி பிபி இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். வீக்கத்தில் இருந்த நீர் குழாய்களுக்குத் திரும்புவதால் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை அது மறுபடி ஏறுவது வழக்கம். பலர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எந்த எண்ணைத் தாண்டினால் திரும்பி வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு வேளை பிபி பார்க்க வீட்டிலேயே ஒரு கருவி இருந்தால் நல்லது. தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ எண்ணைப் பார்க்காமலே கிளம்பிவிடுங்கள்.